மாதிரிக்கு ஒன்று

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அரசாங்கம் கொடுத்தது ஓர் அலுமினிய ஏணி, ஒரு ட்ரில்லிங் மிஷின், கட்டுக்கட்டாகப் படிவம். ஏணியை அவர் தூக்குவார், படிவத்தை நான் தூக்குவேன். யாருடைய சுமை பெரிது என்ற வழக்கு எங்களுக்குள் நாலு மாதமாக முடியாமல் நடந்துகொண்டிருந்தது.

தீ பிடித்த பிறகு வண்டி போவதைவிட, தீ பிடிக்குமுன் ஆள் போகட்டும் என்று மேலே யாரோ யோசித்திருந்தார்கள். நல்ல யோசனைதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். வீடு வீடாகப் போக வேண்டும். அடுப்படி, சுவிட்ச், பிளக், வெளியேறும் வழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பத்தொன்பது கேள்விகளுக்கு டிக் போட வேண்டும். கடைசியில் கூரையில் ஒரு புகை அலாரம் மாட்டிவிட்டு வர வேண்டும். இதற்காகத் தீயணைப்பு நிலையத்திலிருந்து அவரை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருஷம் வண்டியில் தொங்கிப் போனவர், ஒரு முழங்கால் தேய்ந்துவிட்டது. முழங்கால் தேய்ந்தவரை மாடி மாடியாக ஏறும் வேலைக்குப் போட்ட புத்திசாலி யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வார்டு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவன். எழுதத் தெரியும் என்பதால் என்னையும் அவரோடு சேர்த்துவிட்டார்கள்.

தெருவில் அவருக்குப் பீப்பீக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்குக் காரணம் அவர் அலாரத்தை அடித்துக் காட்டும் அழகு. பையிலிருந்து அதை எடுப்பார். டீ சாசர் அளவில் வெள்ளை வெளேரென்று இருக்கும். வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே பிடித்து, நடுவில் இருக்கும் பட்டனை அழுத்துவார். அது மூன்று முறை கத்தும். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

"இதை ஒரு நாய்னு நெனச்சுக்கோங்க. சோறு வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், அடுத்த வீட்டுக்காரனக் கடிக்காது. வருஷத்துக்கு ஒரு பேட்டரி போட்டாப் போதும், வாசல்ல படுத்துக் கெடக்கும்" என்பார்.

எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். நாலு மாதம் கேட்டும் எனக்குச் சலிக்கவில்லை.

அவர் அடித்துக் காட்டிய அந்த அலாரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. எங்களுக்கு வந்த அலாரங்கள் எல்லாம் சீல் வைத்த பெட்டிகளில் வந்தன. பெட்டிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு வீடு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சீலை உடைக்கலாம். உள்ளே இருப்பதைக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் யார் போடுவார்கள்? முதல் வாரம் பாதி வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். மாதிரிக்கு ஒன்று வேண்டும் என்று அவர் சொல்ல, நான் கடிதம் எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அது எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ, இன்னும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் பையிலிருந்து ஓர் அலாரத்தை எடுத்தார்.

"இது ஏதுண்ணே?"

"என் வீட்டுதுதான். கால் திருப்பு திருப்பினாக் கையோட வந்துடுது. சாயங்காலம் போய்த் திரும்ப மாட்டிடுவேன்."

"அண்ணி ஒண்ணும் சொல்லலையா?"

"பகல்ல அவ தையல் மிஷின் முன்னாடியேதான உக்காந்திருக்கா. புகை வந்தா அவ மூக்கு போதும் தம்பி."

முதல் சில நாட்கள் மாலையில் மாட்டினார், காலையில் கழற்றினார். முழங்கால் வலியோடு ஸ்டூலில் ஏறி இறங்குவது லேசா? அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. அப்புறம் அது பையிலேயே தங்கிவிட்டது. எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வார்டின் முதல் படிவமே அவர் வீட்டினுடையதுதான். நாமே முன்னால் நின்று காட்ட வேண்டும் என்று அவர்தான் சொன்னார். கீழே முன்னறையில் அவர் மனைவியின் தையல். பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கடைக்குக் கொடுப்பார். இரண்டு மிஷின், ஓர் இஸ்திரி மேஜை, மேஜைக்குக் கீழே வெட்டுத்துணி அடைத்த சாக்கு மூட்டைகள். அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்து இரும்புக் கைப்பிடி வைத்த படி மேலே போகும். மேலே ஒரே அறை. அதில் அண்ணியின் தங்கை இருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். காலை எட்டு மணிக்கு வந்து, இரண்டு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுப் படுத்தால் மூன்று மணிக்குத்தான் எழுவாள். படி முடிகிற இடத்தில், அவள் தலைக்கு நேராகத்தான் அலாரம் மாட்டினோம்.

ஒன்பதாவது கேள்வி, சூடாகும் பொருளுக்குப் பக்கத்தில் துணி, காகிதம் இருக்கிறதா என்பது. நான் சாக்கு மூட்டைகளைப் பார்த்தேன்.

"அத எடுத்துடச் சொல்றேன். நீ போடு தம்பி" என்றார்.

அண்ணி கொடுத்த பிஸ்கட் என் வாயில் இருந்தது. மென்றுகொண்டே டிக் போட்டேன்.

அது நடந்த அன்று வானம் மூடிக்கொண்டு காற்றே இல்லாமல் புழுங்கியது. பதினோரு மணிக்கு ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவரின் வீட்டில் இருந்தோம். அவர் வீட்டிலிருந்து ஏழாவது தெரு. மனிதர் எதையும் லேசில் நம்புகிறவர் இல்லை.

"அடுப்புல எண்ணெய் காஞ்சாலே இது கத்துமாமே? என் மச்சான் வீட்டுல கத்திச்சுன்னு பிடுங்கி எறிஞ்சுட்டான்."

"அதனாலதாங்க அடுப்படிக்குள்ள மாட்டறதில்ல. தூங்கற எடத்துக்கு வெளியில மாட்டணும். முழிச்சிருக்கறவனுக்கு இது எதுக்கு? தூங்கறவங்களுக்குத்தான்."

அவரே சொன்னார். என் காதால் கேட்டேன்.

பிறகு பட்டனை அழுத்தினார். பூனை ஒன்று கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. "ஊருக்கே கேக்கும் போலிருக்கே" என்றார் டிரைவர். "ஊருக்குக் கேக்க வேண்டாங்க, உங்களுக்குக் கேட்டாப் போதும்" என்றார் இவர். டிரைவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் நேரத்தை எழுதினேன். பதினொன்று இருபது.

அப்போது அவர் போன் அடித்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுத் தச்சர்.

என் வண்டியில்தான் போனோம். ஏணியை அங்கேயே போட்டுவிட்டோம். அவர் பின்னால் உட்கார்ந்து பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். மூன்றாவது தெரு முனையில் வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. என் முதுகுக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவில் அகப்பட்டு அந்த அலாரம் மூன்று முறை கத்தியது. நான் வண்டியை நிறுத்தவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அவர் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. அதை நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நாங்கள் போவதற்குள் அவருடைய நிலையத்து வண்டி வந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. நடந்தது இதுதான். காலையில் கரண்ட் போயிருக்கிறது. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணி, பெட்டியைத் துணிமேல் அப்படியே வைத்துவிட்டு, தைத்து முடித்ததைக் கடையில் கொடுத்து வரலாமென்று கிளம்பிவிட்டார். சுவிட்சை அணைக்கவில்லை. அவர் போன பிறகு கரண்ட் வந்துவிட்டது. துணி கருகி, எரிந்து, மேஜைக்குக் கீழே மூட்டையில் விழுந்திருக்கிறது. மேலே தூங்கியவள் மூச்சு முட்டி எழுந்தபோது படி முழுக்கப் புகை. கண் தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள். கீழே வரவர இரும்பு கொதித்திருக்கிறது. விட்டால் விழுந்துவிடுவோம் என்று விடாமல் பிடித்திருக்கிறாள். கடைசிப் படியில் விழுந்து கிடந்தவளைத் தச்சர் அடுப்படியின் பின்கதவை உடைத்து இழுத்துப் போட்டார். வலது உள்ளங்கை. ஊசி போடுகிற கை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் பேசினாள். தீயணைப்பு நிலைய அதிகாரி அறிக்கைக்காக வந்திருந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் அண்ணி, மறுபக்கம் கையில் பால் பிளாஸ்க்கோடு அவர், கால்மாட்டில் நான்.

"அலாரம் அடிச்சுதாம்மா?" என்றார் அதிகாரி.

அவள் கண்ணை மூடினாள். குரல் புகையில் கம்மிப்போயிருந்தது.

"அடிச்சிருக்கும் சார். எனக்குத்தான் கேக்கல. ரெண்டு நாளாத் தூக்கம் வரலைன்னு அன்னிக்கு ஒரு மாத்திரை போட்டிருந்தேன். என் தப்புதான்."

"ஒரு நர்சே இப்படிப் பண்ணலாமாம்மா?"

"தப்புதான் சார்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "அலாரத்த மாட்டற அடித்தட்டு மட்டுந்தான் மேல கூரையில இருக்கு. அலாரம் எங்கய்யா?" என்றார்.

"நான்தான் சார் கழட்டி வச்சிருக்கேன்."

அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை. எப்போது கழற்றினாய் என்று அதிகாரி கேட்கவில்லை. அவருக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும், நிமிஷ நேரம் பேனா நின்றது. ஆனால் அலாரம் மாட்டுவதில் எங்கள் வார்டுதான் மாவட்டத்திலேயே முதலில் முடிகிற நிலையில் இருந்தது, அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. பேனா மறுபடி ஓடியது.

நான் கால்மாட்டில் நின்றுகொண்டு இருமினேன். அந்த அறையில் என் பங்கு அந்த இருமல்தான். இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பிறகு தெரு தன் வேலையைப் பார்த்தது. "இஸ்திரிப் பெட்டியப் போட்டுட்டு ஊர் சுத்தப் போயிருக்கா" என்று அண்ணியைப் பேசினார்கள். "மாத்திரை போட்டுத் தூங்கறாளாம்" என்று தங்கையைப் பேசினார்கள். அவரைப் பார்த்தால் மட்டும், "பாவம், ஊரைக் காப்பாத்தற மனுஷனுக்கு வீட்டுல வாய்ச்சது ரெண்டும் இப்படி" என்று அனுதாபப்பட்டார்கள். டீக்கடையில் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். அவரும் உட்கார்ந்தார். டீயை ஆறவிட்டு, ஆடை படிந்த பிறகு குடித்துவிட்டு எழுந்தார்.

"அண்ணே" என்று நான் ஒருநாள் ஆரம்பித்தேன்.

"தெரியும் தம்பி. பாப்பா வீட்டுக்கு வரட்டும். சொல்லிடறேன்."

பதினான்காம் நாள், அவர் பாப்பா என்று கூப்பிடும் அந்த மைத்துனி வீட்டுக்கு வந்தாள். அவர் சொல்லவில்லை. அதற்குள் அதிகாரிக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சமூகக் கூடத்தில் தெருக்காரர்களைக் கூட்டுவது, அலாரம் இருந்தும் தூக்க மாத்திரையால் என்ன ஆயிற்று என்று அந்தப் பெண்ணையே பேசச் சொல்வது. பாதிக்கப்பட்டவர் வாயால் கேட்டால் ஜனங்களுக்கு உறைக்குமாம். அவள் உடனே ஒப்புக்கொண்டாள். ஏதாவது செய்து தன் தப்பைக் கழுவிவிட வேண்டும் என்று அவளுக்கு.

சனிக்கிழமை மத்தியானம் நானும் அவரும் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தோம். மழை பிடித்திருந்தது. கருகிய ஜன்னல் சட்டத்திலிருந்து மை மாதிரித் தண்ணீர் சொட்டியது. தகரத் தகட்டால் கரியை வழித்து வாளியில் போட்டோம். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகவில்லை, சோற்றிலும் அதே வாடை. அடுப்படியில் போட்டிருந்த கட்டிலில் அவள் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துப் படுத்திருந்தாள். அண்ணி அவளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்" என்று கூப்பிட்டாள். "அந்த அலாரம் உங்ககிட்டத்தான இருக்கு?"

அவர் கையில் தகடு நின்றது.

"எதுக்கு பாப்பா?"

"ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்களேன். அதோட சத்தம் எப்படி இருக்கும்னு ஞாபகத்துக்கு வரவே மாட்டேங்குது. நாளைக்கு அத்தன பேர் முன்னாடி பேசணும். அப்புறம் இனிமே தூங்கறப்போ அடையாளம் தெரியணுமில்ல? எனக்கு இப்பெல்லாம் கண்ண மூடவே பயமா இருக்கு."

"அப்புறம் பாத்துக்கலாண்டி, சாப்பிடு" என்றார் அண்ணி சட்டென்று.

"இல்லக்கா. நான் கண்ண மூடிக்கறேன். தூங்கற மாதிரி இருக்கேன். அத்தான், நீங்க மேல மாட்டியிருந்த எடத்துலேர்ந்து அடிங்க."

பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தார். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. ஒவ்வொரு படியாக, அந்த முழங்காலோடு மேலே ஏறினார். நான் கீழேயே நின்றேன். அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

கத்தியது. ஒரு மாடி தள்ளி, கதவு தள்ளி. அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்ததில் கட்டுப்போட்ட கை சுவரில் இடித்தது. முட்டைத் தட்டு கீழே போயிற்று.

"இவ்வளவு சத்தமா?" என்றாள் அவள். வலியில் முகம் கோணியிருந்தது. "அக்கா, இது கேக்காமலா தூங்கினேன்? அரை மாத்திரைதான் போட்டேன். வார்டுல பேஷண்ட் முனகினாலே முழிச்சுக்கறவ நான்."

அண்ணி குனிந்து முட்டையைப் பொறுக்கினார். நிமிரவே இல்லை.

அவர் இறங்கி வந்தார். கையில் அலாரம். அவள் இடது கையை நீட்டினாள், கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலைக்கு மேலே கூரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அந்த வீட்டில் கடிகாரம், வாளி, தெய்வப்படம், தலையணை, பல் துலக்குகிற பிரஷ் எல்லாம் கறுத்திருந்தன. மடியில் இருந்தது மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இதுல கரியே இல்லையே அத்தான்" என்றாள்.

இடது கட்டைவிரலால் அதைத் தேய்த்து, விரலைப் பார்த்தாள்.

"இது எங்க இருந்துச்சு?"

"பையில" என்றார் அவர். "காட்டறதுக்காகக் கழட்டி எடுத்துட்டுப் போனேன். ஒரு மாசமாத் திரும்ப மாட்டவே இல்ல. அன்னிக்கு ஏழாவது தெருவுல அடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தேன் பாப்பா."

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அக்கா பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமாக்கா?" என்றாள்.

"சுவிட்ச அணைக்காதது நான். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவரச் சொல்லுவேன்?" என்றார் அண்ணி.

"நான் உங்கிட்ட எத்தன ராத்திரி அழுதேன். என் தப்புதான், என் தப்புதான்னு. நீ தலையத் தடவிக் குடுத்தியே தவிர, இல்லடின்னு ஒரு வார்த்த சொல்லல."

பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணா, உங்களுக்கும் தெரியும், இல்ல?" நான் தகட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். மூன்று பேர் நின்றோம், ஒருவருக்கும் முகம் இல்லை. நாற்பத்தோரு வயதில், முன்பின் அதிகம் பழகாத ஒரு பெண்ணின் முன்னால் எனக்கு நிற்க முடியவில்லை.

"கை குணமாயிடும், டாக்டர் சொல்லிட்டார்" என்றாள். "அதுக்காகக் கேக்கல. நாளைக்குக் கூட்டத்துக்கு வர்றேன் அத்தான். நான் என்ன பேசணும்னு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் நூறு பேருக்குக் குறையாது. நனைந்த குடைகளை வாசலில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். லாரி டிரைவரும் வந்திருந்தார். முன்வரிசையில் அக்காவும் தங்கையும், நடுவில் ஒரு காலி நாற்காலி விட்டு. அதிகாரி நாலு வார்த்தை பேசிவிட்டு, வழக்கமான விளக்கத்தை முதலில் காட்டு என்று இவரிடம் சொன்னார்.

இவர் எழுந்தார். அலாரத்தை எடுத்துப் பிடித்தார். பட்டனை அழுத்தினார். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

"இதை ஒரு நாய்னு நெனச்சுக்கோங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சொல்லப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

"சோறு வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம்..." அங்கே நின்றுவிட்டார். "வாசல்ல படுத்துக் கெடக்கணும். என் வீட்டு வாசல்ல கெடக்கல. இது என் வீட்டு அலாரங்க. கிட்ட வந்து பாருங்க, இதுல கரி இல்ல. என் வீடு எரிஞ்சப்போ நான் இத எடுத்துட்டுப் போய், இதோ உக்காந்திருக்காரே, இந்த டிரைவர் ஐயா வீட்டுல வித்தை காட்டிக்கிட்டு இருந்தேன். மேல தூங்கின பொண்ணுக்குக் கேக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. மாத்திரைமேல பழியப் போட்டாங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அதிகாரி என் பக்கம் குனிந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"முதல் படிவத்துல எல்லாம் சரின்னு டிக் இருக்கேய்யா. யார் போட்டது?"

அந்தப் படிவம் என் மடியில்தான் இருந்தது. பக்கத்திலேயே டிரைவர் வீட்டுப் படிவமும், பதினொன்று இருபது என்று என் கையெழுத்தில். எழுந்து நின்றேன்.

"நான்தான் சார். மூட்டையும் பாத்தேன். அலாரம் அவர் பையில இருந்ததும் தெரியும்."

என்னை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பின்வரிசையில் ஒருவர் மெல்ல எழுந்து, கண்டும் காணாமல் குடையை எடுத்துக்கொண்டு வெளியே நழுவினார். அவர் வீட்டிலும் நாங்கள் இப்படிப் போட்ட டிக் எதுவோ.

அதிகாரிக்குக் கூட்டத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. நிகழ்ச்சித் தாளைப் பார்த்தார். அடுத்து அவள் பெயர்தான் இருந்தது. "நீ ஏதாச்சும் பேசறியாம்மா?" என்றார் தயங்கி.

அவள் எழுந்து திரும்பி நின்றாள். கட்டுப்போட்ட கையை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இன்னும் சரியாகாத அந்தக் கம்மிய குரலில் சொன்னாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். அவர் மேஜைமேல் இருந்த அலாரத்தை எடுத்து, பழக்கத்தில் பையைத் திறந்தார். உள்ளே போடாமல் நின்றார். பிறகு அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, குடையும் இல்லாமல், வீட்டைப் பார்த்து நடந்தார்.